நெட்ஸ்கேப்பை வீழ்த்தியது இலவசம் மட்டும்தானா?

கணினி வரலாறு பேசும் இடங்களில் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். “நெட்ஸ்கேப் தன் உலாவியைக் காசுக்கு விற்றது. மைக்ரோசாஃப்ட் அதேபோல் ஒன்றைச் சும்மா கொடுத்தது. நெட்ஸ்கேப் போய்ச் சேர்ந்தது.” சொல்ல எளிது, நினைவில் வைத்துக்கொள்ளவும் எளிது. ஆனால் 1995, 1996 வாக்கில் வீட்டிலும் கல்லூரியிலும் நெட்ஸ்கேப் பயன்படுத்திய ஏராளமானோர் அதற்காக ஒரு பைசாகூடக் கொடுத்ததில்லை. ஏற்கெனவே சும்மா கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றை இன்னோர் இலவசம் எப்படிக் கொல்லும்?

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. நெட்ஸ்கேப் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது, மைக்ரோசாஃப்டைக் குறை சொல்லிப் பயனில்லை என்பார்கள். இரண்டு கதையிலும் உண்மை இருக்கிறது. ஒரு மென்பொருள் எந்த வழியாக மக்கள் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை இரண்டுமே சரியாகக் கவனிப்பதில்லை. நெட்ஸ்கேப்புக்கு அந்த வழி அடைபட்டது. அதே வருடங்களில் அதன் சரக்கும் கெட்டுப்போனது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று பார்ப்பதற்கு முன், உலாவி என்னதான் செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## இணையம், வலை, உலாவி: மூன்றும் வேறு வேறு

இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் வலையமைப்பு. அமெரிக்காவில் 1969-இல் ஓடத் தொடங்கிய ஆர்பாநெட்டில் அதன் வேர் இருக்கிறது. மின்னஞ்சலும் கோப்புப் பரிமாற்றமும் உலாவி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதில் நடந்துகொண்டிருந்தன.

வலை என்பது அந்த இணையத்தின் மேல் ஓடும் சேவைகளில் ஒன்று. ஓர் ஆவணத்தில் உள்ள சொல்லைச் சொடுக்கினால் வேறு ஊரில், வேறு கணினியில் இருக்கும் ஆவணம் திறக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த யோசனை இது. 1993 ஏப்ரல் 30 அன்று, இந்த நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று செர்ன் அறிவித்தது. உலாவி வரலாற்றில் முதல் ‘இலவசம்’ உண்மையில் இதுதான்.

உலாவி என்பது வலைப்பக்கங்களை நமக்குக் காட்டும் மென்பொருள். ‘காட்டும்’ என்ற இந்தச் சொல்லுக்குள் நிறைய வேலை ஒளிந்திருக்கிறது. நீங்கள் ஒரு முகவரியைத் தட்டியதும், அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் கணினியிடம், அதாவது சர்வரிடம், உலாவி போய்க் கேட்கிறது. சர்வர் அழகான பக்கம் எதையும் அனுப்புவதில்லை. வெறும் எழுத்துக் கோப்பைத்தான் அனுப்புகிறது. ‘இது தலைப்பு’, ‘இது பத்தி’, ‘இங்கே ஒரு படம்’ என்ற குறிப்புகள் அதில் கலந்திருக்கும். இந்தக் குறிப்புமொழிக்கு ஹெச்டிஎம்எல் என்று பெயர்.

வீடு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் அனுப்புவது பிளான். செங்கலும் மணலும் தனித்தனி வண்டியில் வரும். மேஸ்திரி அந்தப் பிளானைப் பார்த்து நம் மனையிலேயே வீட்டை எழுப்புகிறார். ஒரே பிளானை இரண்டு மேஸ்திரிகளிடம் கொடுத்தால், ‘இங்கே ஒரு சன்னல்’ என்று மட்டும் எழுதியிருக்கும் இடத்தில் ஒருவர் மூன்றடிச் சன்னல் வைப்பார், இன்னொருவர் நான்கடி வைப்பார். உலாவிக்குள் இந்த மேஸ்திரி வேலையைச் செய்யும் பகுதியைத்தான் இன்ஜின் என்கிறோம். பக்கத்தைக் கட்டியெழுப்பும் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதையில் பாதி, எந்த மேஸ்திரி வேகமாகக் கட்டினார், எந்த மேஸ்திரியின் கட்டடம் விரிசல் விட்டது என்பதுதான்.

ஆக, சர்வர் அனுப்புவது குறிப்புகளை. அவற்றைப் பக்கமாக எழுப்புவது உங்கள் கணினியில் உள்ள உலாவி. எனவே ஒரே பக்கம் இரண்டு உலாவிகளில் இரண்டு மாதிரி தெரிவதில் வியப்பில்லை.

## மொசைக்

ஆரம்பகால உலாவிகளை ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டார்கள். நிறுவுவதே சள்ளை பிடித்த வேலை. படம் இருந்தால் பெரும்பாலும் தனிச் சன்னலில் திறக்கும்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா இருவரும் எழுதிய மொசைக் 1993-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. எழுத்துக்கு நடுவிலேயே படத்தைக் காட்டும் வழக்கத்தைப் பரவலாக்கியது அதுதான். முதலில் யூனிக்ஸ் கணினிகளுக்கு வந்தது. அதே ஆண்டுக்குள் விண்டோஸுக்கும் மெக்கின்டாஷுக்கும் வந்துவிட்டது. கணினித் துறைக்கு வெளியே இருந்தவர்களும் வலையைப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகே.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் கிளார்க், ஆண்ட்ரீசனோடு சேர்ந்து 1994 ஏப்ரலில் ஒரு புதிய நிறுவனம் அமைத்தார். மொசைக் எழுதிய மாணவர்களில் பலரை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் பெயரிலும் மொசைக் இருந்தது. பல்கலைக்கழகம் சும்மா இருக்குமா? தகராறு கிளம்பியது. அந்த ஆண்டு நவம்பரில் பெயர் நெட்ஸ்கேப் கம்யூனிகேஷன்ஸ் என்று மாறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் மொசைக்கின் நிரலை எடுத்துத் திருத்தவில்லை. எல்லாவற்றையும் வெற்றுத்தாளில் முதலிலிருந்து எழுதினார்கள். நிறுவனம் தொடங்கி ஆறே மாதத்தில், 1994 அக்டோபர் 13 அன்று, சோதனைப் பதிப்பு வெளிவந்துவிட்டது. டிசம்பரில் 1.0. ‘முதலிலிருந்து எழுதுவோம்’ என்ற அந்த முடிவு அன்று அவர்களைத் தூக்கிவிட்டது. நான்கு ஆண்டு கழித்து அதே முடிவை மறுபடி எடுத்தார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

## ஏன் எல்லோரும் நெட்ஸ்கேப்புக்குத் தாவினார்கள்?

அன்று வீட்டு இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்தில் வந்தது. நொடிக்கு 14.4 கிலோபிட் வேகம் சாதாரணம். 50 கிலோபைட் படம் ஒன்று இறங்கவே அரை நிமிடம் ஆகும். நான்கு படம் உள்ள பக்கம் என்றால் எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வரலாம்.

மொசைக், பக்கத்துக்கு வேண்டியதெல்லாம் வந்து சேரும்வரை பெரும்பாலும் காத்திருக்கும். செங்கல், மணல், சன்னல் சட்டம் எல்லாம் வந்த பிறகே வேலையைத் தொடங்குவேன் என்று உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி அவர். நெட்ஸ்கேப் அப்படியில்லை. வந்த செங்கலை வைத்துச் சுவரை எழுப்பிவிட்டு, சன்னலுக்கு இடம் விட்டுவைக்கும். எழுத்து முதலில் திரையில் வந்துவிடும். படம் பின்னால் மெல்ல நிரம்பும். போதாததற்கு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து படங்களைச் சேர்த்து இழுக்கும். கம்பியின் வேகம் கூடவில்லை. ஆனால் படிப்பவர் காத்திருக்கும் நேரம் குறைந்துவிட்டது. உலாவி வேகம் என்று இன்றைக்கும் நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தந்திரமே.

அடுத்தடுத்து அந்தக் கூடாரத்திலிருந்து வந்தவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. லூ மாண்டுல்லி 1994-இல் உருவாக்கிய குக்கி, அதாவது தளம் உங்களை அடுத்த முறை அடையாளம் காண்பதற்காக உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. கடன் அட்டை எண்ணை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எல் நெறிமுறை. இன்று முகவரிப் பட்டையில் பாதுகாப்பான இணைப்பு என்று நீங்கள் பார்ப்பது அதன் வாரிசு. பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்து நாளில் முன்மாதிரி செய்த ஜாவாஸ்கிரிப்ட், அதாவது வலைப்பக்கத்துக்குள்ளேயே ஓடும் நிரல்களை எழுதும் மொழி. பத்து நாள் அவசரத்தின் வடுக்கள் அந்த மொழியில் இன்னும் இருக்கின்றன. நிரலாளர்களைக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார்கள்.

## விலைக்கா, இலவசமா?

கல்வி நிறுவனங்களுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் நெட்ஸ்கேப் இலவசம். மற்றவர்கள் ‘சோதித்துப் பார்க்க’ என்று தரவிறக்கிக்கொள்ளலாம். சோதனைக் காலம் முடிந்தால் சுமார் 39 டாலர் கட்ட வேண்டும் என்று உரிமத்தில் இருந்தது. கட்டாவிட்டாலும் உலாவி ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிறுவனங்கள் நியாயமாகக் கட்டின. வீட்டில் இருந்தவர்களில் ஏராளமானோர் கட்டவில்லை. நெட்ஸ்கேப்பும் விரட்டிப் பிடிக்கவில்லை.

அது ஏமாளித்தனம் இல்லை. உலாவி பரவினால் எல்லா நிறுவனங்களுக்கும் சர்வர் வேண்டும், அந்தச் சர்வர் மென்பொருளை விற்றுக் காசு பார்க்கலாம் என்பது கணக்கு. ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தை விற்பது.

பங்குச் சந்தை இந்தக் கணக்கை நம்பியது, கொஞ்சம் அதிகமாகவே நம்பியது. 1995 ஆகஸ்ட் 9 அன்று பங்கு விற்பனைக்கு வந்தது. முதலில் 14 டாலர் என்று நினைத்து, கடைசி நேரத்தில் 28 ஆக்கினார்கள். அன்று பகலில் 75 டாலர் வரை ஏறி, 58.25-இல் முடிந்தது. பிறந்து 16 மாதமே ஆன, லாபம் காட்டாத நிறுவனத்தின் மதிப்பு ஒரே நாளில் ஏறக்குறைய 290 கோடி டாலர். இணைய நிறுவனப் பங்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் குவித்த டாட்காம் காய்ச்சல் அன்றுதான் தொற்றியது என்று பலர் சொல்வதில் தவறில்லை.

## மைக்ரோசாஃப்ட் எதைக் கண்டு பயந்தது?

மைக்ரோசாஃப்டுக்குக் காசு வந்தது விண்டோஸில். வெறும் உலாவிச் சந்தைக்காக அது இவ்வளவு மல்லுக்கட்டியிருக்காது.

விண்டோஸ் ஓர் இயங்குதளம். கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்கும் அடித்தளம். மென்பொருள் எழுதுபவர்கள் விண்டோஸுக்கு எழுதினார்கள், ஏனென்றால் மக்கள் அங்கே இருந்தார்கள். மக்கள் விண்டோஸ் வாங்கினார்கள், ஏனென்றால் மென்பொருள்கள் அங்கே இருந்தன. இந்தச் சுழலுக்குள் புதிதாக ஓர் இயங்குதளம் நுழைவது குதிரைக்கொம்பு.

நெட்ஸ்கேப்போ விண்டோஸ், மெக்கின்டாஷ், யூனிக்ஸ் எல்லாவற்றிலும் ஓடியது. நாளைக்கே எழுதும் மென்பொருள், கணக்குப் போடும் மென்பொருள், அஞ்சல் எல்லாம் உலாவிக்குள் ஓடும் பக்கங்களாகிவிட்டால், அடியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்று யார் கவலைப்படப் போகிறார்கள்? இன்று நாம் அஞ்சலையும் ஆவணங்களையும் உலாவியில் திறப்பதைப் பார்த்தால், அந்தப் பயம் வீண்பயம் இல்லை என்பது புரியும். 1995 மே 26 அன்று பில் கேட்ஸ் தன் நிர்வாகிகளுக்கு அனுப்பிய குறிப்பில் நெட்ஸ்கேப்பை இணையத்தில் பிறந்த புதுப் போட்டியாளர் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். வலைப் பயன்பாட்டில் அதற்கு 70 சதவீதப் பங்கு இருப்பதாகவும் எழுதினார்.

கையில் உலாவி இல்லாத மைக்ரோசாஃப்ட், மொசைக்கின் உரிமம் வைத்திருந்த ஸ்பைகிளாஸ் நிறுவனத்திடம் நிரலை வாங்கியது. அதிலிருந்து 1995 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 1 பிறந்தது. ஸ்பைகிளாஸின் கணக்கு, வருமானத்தில் பங்கு வரும் என்பது. விலை பூஜ்யம் என்றால் பங்கும் பூஜ்யம். சண்டை போட்டு, 1997-இல் 80 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு அடங்கினார்கள்.

முதல் இரண்டு எக்ஸ்ப்ளோரர்களும் சப்பை. அவற்றைக் கண்டு யாரும் நெட்ஸ்கேப்பைக் கைவிடவில்லை. இலவசம் மட்டும் போதுமென்றால் அப்போதே கதை முடிந்திருக்க வேண்டும்.

## வழி எப்படி அடைபட்டது?

1996-இல் ஒரு சாமானியர் கைக்கு உலாவி எப்படி வரும்? மூன்று வழி. புதுக் கணினி வாங்கும்போதே உள்ளே இருக்கும். அல்லது இணைய இணைப்பு தரும் நிறுவனம் வட்டில் போட்டுக் கொடுக்கும். அல்லது நாமே தேடிப் பிடித்து மோடத்தில் மணிக்கணக்காக இறக்க வேண்டும். மூன்றாவது வழியில் போகும் பொறுமை ஆர்வலர்களுக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் எது முன்னால் இருக்கிறதோ அதைச் சொடுக்குவார்கள். இப்படி யாரும் தேர்ந்தெடுக்காமலே முன்னால் வந்து நிற்பதை டிஃபால்ட் என்கிறோம். மென்பொருள் வியாபாரத்தில் டிஃபால்ட்டுக்கு இருக்கும் பலம் விலைக்கு இல்லை.

முதல் வழியில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் உரிமத்தை வைத்துக் காவல் போட்டது. கணினித் தயாரிப்பாளர்கள் எக்ஸ்ப்ளோரர் சின்னத்தை முகப்பிலிருந்து எடுக்கக் கூடாது. 1996-இல் காம்பாக் நிறுவனம் எடுத்துப் பார்த்தது. விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று கடிதம் வந்தது. விண்டோஸ் இல்லாமல் கணினி விற்க முடியுமா? சின்னத்தைத் திரும்ப வைத்தார்கள். இது பின்னாளில் நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான சம்பவம்.

இரண்டாவது வழியில் நடந்தது இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் பெரிய இணைப்பு நிறுவனமான ஏஓஎல் 50 லட்சம் சந்தாதாரர்களுக்கு மேல் வைத்திருந்தது. 1996 மார்ச் 11 அன்று நெட்ஸ்கேப்போடு ஒப்பந்தம் அறிவித்தார்கள். மறுநாளே மைக்ரோசாஃப்டோடு இன்னோர் ஒப்பந்தம்: ஏஓஎல்லின் டிஃபால்ட் உலாவி எக்ஸ்ப்ளோரர்தான் என்று. பதிலுக்கு ஏஓஎல்லுக்குக் கிடைத்தது விண்டோஸ் 95 முகப்பில் ஓர் இடம். அந்த இடத்துக்கு ஈடாக நெட்ஸ்கேப்பால் எதைக் கொடுத்திருக்க முடியும்? உலாவியைச் சும்மாவே கொடுத்திருந்தாலும், கோடிக்கணக்கான கணினிகளின் முகப்பு அதன் கையில் இல்லை.

ஒரே மூச்சில் சொன்னால் இவ்வளவுதான்: எக்ஸ்ப்ளோரர் இலவசமாக இருந்தது தேவையான ஒன்று, போதுமான ஒன்றல்ல. தேடாமலே கிடைத்ததுதான் பலத்த அடி. இருந்தும் 1997 இலையுதிர்காலத்தில்கூட நெட்ஸ்கேப்தான் முன்னணி. எக்ஸ்ப்ளோரர் 4 வெளியான இரவு மைக்ரோசாஃப்ட் ஆட்கள் பிரம்மாண்டமான ‘இ’ எழுத்து ஒன்றை மவுண்டன் வியூவில் உள்ள நெட்ஸ்கேப் அலுவலகப் புல்வெளியில் வைத்துவிட்டுப் போனார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் அதைச் சாய்த்துப்போட்டு, தங்கள் சின்னமான டைனோசர் பொம்மையை மேலே நிறுத்தி, சந்தைப் பங்கின் சதவீதத்தை ‘நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18’ என்று அட்டையில் எழுதி மாட்டினார்கள். கெத்து என்னவோ குறையவில்லை. சரக்கில்தான் கோளாறு.

## நெட்ஸ்கேப் 4-இல் என்ன கோளாறு?

இரண்டு ஆண்டில் மூன்று பதிப்பு விடும் வேகத்தில் நிரலை நிரலின் மேல் அடுக்கிக்கொண்டே போனார்கள். 1997 ஜூனில் வந்த கம்யூனிகேட்டர் 4-இல் உலாவியோடு அஞ்சல், செய்திக்குழு, பக்கம் எழுதும் கருவி எல்லாம் ஒரே மூட்டை. உலாவி மட்டும் வேண்டும் என்றவருக்கும் மூட்டை தலையில் ஏறியது.

உள்ளே இருந்த மேஸ்திரிக்கு ஒரு பெரிய குறை: கட்டி முடித்த சுவரை நகர்த்தத் தெரியாது. திரையில் உலாவிச் சன்னலின் அகலத்தை நீங்கள் கொஞ்சம் மாற்றினால், பக்கத்தை மறுபடி முதலிலிருந்து எழுப்பும். அட்டவணை ஒன்றைத் தொடங்கிய பக்க ஆசிரியர் அதை முடிக்கும் குறியை எழுத மறந்துவிட்டால், எக்ஸ்ப்ளோரர் ஊகித்துச் சமாளித்துக்கொள்ளும். நெட்ஸ்கேப் 4 வெற்றுப் பக்கத்தைக் காட்டிவிட்டு நிற்கும்.

நிறம், எழுத்தளவு, இடைவெளி போன்ற அலங்காரங்களைத் தனியே எழுதிவைக்கும் சிஎஸ்எஸ் என்ற மொழி அப்போது வந்துகொண்டிருந்தது. நெட்ஸ்கேப் வேறொரு சொந்த முறையில் பந்தயம் கட்டியிருந்தது. பந்தயம் தோற்றதும் அவசரமாக சிஎஸ்எஸ்ஸை ஜாவாஸ்கிரிப்டின் மேல் ஒட்டவைத்தார்கள். ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் அலங்காரமும் சேர்ந்து அணைந்துபோகும் கூத்தெல்லாம் அதனால் வந்தது. எக்ஸ்ப்ளோரர் 4-இன் புதிய இன்ஜினோ பக்கம் வந்த பிறகும் அதன் எந்தப் பகுதியையும் மாற்றி வரையக் கூடியது. முதல் முறையாக எக்ஸ்ப்ளோரர் உண்மையிலேயே மேலான சரக்காகிவிட்டது. இதை ஒப்புக்கொள்ள நெட்ஸ்கேப் பக்தர்களுக்கு வெகுநாள் பிடித்தது.

இரண்டு உலாவிகளும் ஆளுக்கொரு குறிகளைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டதால் வலைத்தளம் அமைப்பவர்கள் பாடு திண்டாட்டம். வந்திருப்பது எந்த உலாவி என்று பார்த்து வேறு வேறு பக்கம் அனுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வோர் உலாவியும் சர்வரிடம் தன் பெயரைச் சொல்லித்தான் பக்கம் கேட்கும். நெட்ஸ்கேப் சொன்ன பெயர், அதன் உள்வட்டப் பெயரான மொசில்லா. ஒரே திரையைப் பல சட்டகங்களாகப் பிரித்துக் காட்டும் புதுமாதிரிப் பக்கங்களைத் தளங்கள் மொசில்லாவுக்கு மட்டும் அனுப்பியதால், எக்ஸ்ப்ளோரரும் ‘நானும் மொசில்லாதான்’ என்று சொல்லிக்கொண்டது. பின்னால் வந்த பெரும்பாலான உலாவிகளும் அதே பொய்யைத் தொடர்ந்தன. இன்று உங்கள் கைப்பேசியில் உள்ள குரோமும் சர்வரிடம் ‘மொசில்லா/5.0’ என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறது.

தமிழ்த் தளங்களும் இந்தச் சண்டையில் மாட்டிக்கொண்டன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவாத காலம் அது. தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறு. எழுத்துருவை வாசகர் தனியே இறக்கி நிறுவாவிட்டால் திரையில் பூச்சிபூச்சியாகத் தெரியும். அந்தத் தொல்லையைத் தீர்க்க, பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துரு வந்திறங்கும் டைனமிக் எழுத்துரு நுட்பம் வந்தது. ஆனால் நெட்ஸ்கேப் 4-க்கு பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் கோப்பு வடிவம், எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்டின் வேறு வடிவம். இரண்டையும் செய்துவைக்கச் சலித்த பல தளங்கள் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் செய்துவிட்டு, அதில் பார்க்கவும் என்று ஒரு வரி போட்டுவிட்டன. பிறகு வந்த நெட்ஸ்கேப் 6, அந்த நுட்பத்தையே விட்டுவிட்டது. தமிழ் படிப்பதற்காகவே எக்ஸ்ப்ளோரருக்கு மாறியவர்கள் நம்மில் உண்டு.

## நிரலைத் திறந்துவிட்டது, தூக்கியும் போட்டது

1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் இரண்டு அறிவிப்புகளைச் செய்தது. உலாவி இனி எல்லோருக்கும் இலவசம். அதன் மூலநிரலையும், அதாவது நிரலாளர்கள் எழுதிய அசல் வரிகளையும், யாரும் பார்த்துத் திருத்தும்படி வெளியிடப்போகிறோம். மார்ச் 31 அன்று நிரல் வெளியானது. அதைப் பேண மொசில்லா என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது.

உலகமெங்கும் இருந்து ஆட்கள் ஓடிவந்து இரண்டே மாதத்தில் சரிசெய்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வெளியே வந்தது சிக்கு விழுந்த நிரல். உள்ளேயிருந்து எழுதியவர்களுக்கே நூல்நுனி பிடிபடாதது. 1998 அக்டோபரில் பழைய இன்ஜினைத் தூக்கிப்போட்டுவிட்டு, கெக்கோ என்ற புதிய இன்ஜினின் மேல் எல்லாவற்றையும் மறுபடி எழுதுவதென்று முடிவானது.

1994-இல் ஆறு மாதத்தில் முடிந்த காரியம் இம்முறை இழுத்துக்கொண்டே போனது. அன்று எழுதியது சின்ன நிரல், அவர்களை நம்பி யாரும் இல்லை. இப்போது உலாவி பெரிது, வலையின் விதிமுறைகள் பல மடங்கு பெருகியிருந்தன, பழைய நெட்ஸ்கேப் 4-ஐ வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானோர் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் எக்ஸ்ப்ளோரர் 5 வந்து, 5.5-உம் வந்துவிட்டது. 5 என்ற எண்ணையே தாண்டி நெட்ஸ்கேப் 6 வந்தது 2000 நவம்பரில். அதுவும் வேகாத சோறு. அன்றைய கணினிகளில் ஆமையாக நகர்ந்து, அடிக்கடி விழுந்தது. காத்திருந்த கடைசி ரசிகர்களும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுபடி எழுதியதே தவறு என்று மென்பொருள் உலகில் ஒரு கட்சி இன்றைக்கும் வாதிடுகிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. நெட்ஸ்கேப் 4-இன் இன்ஜினுக்கு வைத்தியம் கிடையாது. கையில் கொடுக்கப் புதிதாக எதுவும் இல்லாமல் இரண்டு ஆண்டு நின்றதுதான் தவறு.

## நீதிமன்றம் போனது, பலன்?

1998 மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் 20 மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குத் தொடுத்தன. பலரும் நினைப்பதுபோல், இலவசமாகக் கொடுத்தது குற்றம் என்பது வழக்கின் சாரம் இல்லை. விண்டோஸில் இருந்த ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, போட்டியாளர் மக்களைச் சென்றடையும் வழிகளைச் சட்டவிரோதமாக அடைத்தது என்பதே குற்றச்சாட்டு. காம்பாக் கடிதமும் ஏஓஎல் பேரமும் சாட்சியாக வந்தது அதனால்தான்.

2000 ஜூனில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன், நிறுவனத்தை இரண்டாக உடைக்க உத்தரவிட்டார். 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடைக்கும் உத்தரவை ரத்து செய்தது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற தீர்ப்பை மட்டும் உறுதிசெய்தது. பிறகு அரசோடு சமரசம். மைக்ரோசாஃப்ட் தப்பித்துவிட்டது என்று சொல்பவர்கள் முதல் பாதியையும், தோற்றது என்பவர்கள் இரண்டாம் பாதியையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

நெட்ஸ்கேப்பை ஏஓஎல் 1998 நவம்பரில் விலைக்குப் பேசியிருந்தது. அறிவித்தபோது 420 கோடி டாலர். பங்குமாற்றம் என்பதால், 1999 மார்ச்சில் கைமாறியபோது மதிப்பு ஏறத்தாழ 1,000 கோடி. விந்தை என்னவென்றால், சொந்தமாக உலாவி வாங்கிய பிறகும் ஏஓஎல் தன் சந்தாதாரர்களுக்கு எக்ஸ்ப்ளோரரையே கொடுத்துவந்தது. 2003 மே மாதம் மைக்ரோசாஃப்டிடம் 75 கோடி டாலர் வாங்கிக்கொண்டு, நெட்ஸ்கேப்புக்காகத் தான் தனியே தொடுத்திருந்த வழக்கை முடித்தது. ஜூலையில் நெட்ஸ்கேப் பிரிவைக் கலைத்தது. கலைத்த அன்றே மொசில்லா அறக்கட்டளை தொடங்க 20 லட்சம் டாலர் கொடுத்தது.

## ஃபயர்ஃபாக்ஸ் நெட்ஸ்கேப்பின் மறுபிறவியா?

அப்படித்தான் சொல்கிறார்கள். 2004 நவம்பர் 9 அன்று வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 ஓடியது கெக்கோ இன்ஜினில். மக்கள் நேசித்த பழைய நெட்ஸ்கேப்பின் இன்ஜின் 1998-லேயே குப்பைக்குப் போய்விட்டது. ஆட்களும் மரபும் தொடர்ந்தன என்று சொல்வது சரி. ஃபயர்ஃபாக்ஸுக்கு நேரமும் வாய்த்தது. போட்டியே இல்லாமல் போன மைக்ரோசாஃப்ட், 2001-இல் எக்ஸ்ப்ளோரர் 6-ஐ விட்டபின் 2006 வரை அடுத்த பதிப்பே கொண்டுவரவில்லை. அதற்குள் வீட்டு இணைப்புகள் வேகமாகியிருந்தன. மணிக்கணக்கில் இறக்க வேண்டிய உலாவி சில நிமிடத்தில் இறங்கியது. நெட்ஸ்கேப்புக்குக் கடினமாக இருந்த அந்த மூன்றாவது வழி, ஃபயர்ஃபாக்ஸ் வந்தபோது சாதாரண வழியாகிவிட்டது.

காசு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2005-இல் மொசில்லாவின் வருமானம் சுமார் 5.3 கோடி டாலர். அதில் பெரும்பகுதி உலாவியின் மூலையில் இருந்த தேடல் பெட்டிக்காகக் கூகுள் கொடுத்தது. புது யோசனை ஒன்றும் இல்லை. நெட்ஸ்கேப் 1996-லேயே தன் தேடல் பொத்தானுக்கு யாஹூ, எக்ஸைட், லைகோஸ், இன்ஃபோசீக், மெகெல்லன் ஐந்திடமும் ஆளுக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வாங்கியது. கையில் இருந்த அந்த வியாபாரத்தைச் சில்லறையாக நினைத்து, சர்வர் விற்பனையின் பின்னாலேயே ஓடினார்கள். உலாவியை யார் இலவசமாகக் கொடுத்தாலும் கவலைப்பட வேண்டாத வருமானம் அது ஒன்றுதான்.